யார் அந்த மணி?

மணி என்று ஒருவன் அந்தக் கட்டடத்தில் இருப்பதற்கான அடையாளமே இல்லை.

துப்பறியும் கொக்கியின் உதவியாளன் லொள்ளு, காலையிலிருந்து எல்லா மாடியும் ஏறி இறங்கிவிட்டான். முதலில் வாசல் காவலாளியிடம் போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“இங்க மணி இருக்காருங்களா?”

காவலாளி மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். “பத்து இருபது.”

“நேரம் கேக்கலைங்க. மணி இருக்கான்னு கேட்டேன்.”

“இருக்கு. நேத்துதான் செல் மாத்தினேன்.”

வரவேற்பறைப் பெண்ணிடம் போனான். “மணி எங்கம்மா?” என்றான். அவள் நிமிராமலே சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். மாடியில் வயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் மட்டும், “எந்த மணி? அழைப்பு மணியா, அபாய மணியா? ரெண்டுமே ரிப்பேர்” என்று நேர்மையாகச் சொன்னார்.

லொள்ளு என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. ரேடியோவில் விளம்பரம் வாசித்துக்கொண்டிருந்தவன் அவன். கொசுவர்த்தி விளம்பரம் ஒன்றை வாசித்து முடித்துவிட்டு, மைக் அணைந்துவிட்டது என்று நினைத்து, “கொசு சாகாது, நாமதான் இருமிச் சாவோம்” என்று ஊருக்கே கேட்கச் சொன்னதில் வேலை போனது. அந்த வாயைக் கேட்டுச் சிரித்த ஒருத்தி மறுநாளே அவனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். அவள்தான் கொக்கி. கேள்வியைப் போட்டால் பதில் மாட்டும்வரை இழுப்பாள் என்பதால் அந்தப் பேர். துப்பறிய வருவதற்கு முன் வருஷக்கணக்கில் கம்ப்யூட்டர் புரோகிராம்களில் பிழை பிடித்துச் சம்பளம் வாங்கியவள்.

“மேடம், மணி மாயமாயிட்டான்” என்று வந்து நின்றான் லொள்ளு. “இல்லைன்னா மணிங்கிறவன் ரொம்ப ஒல்லி.”

“இன்னும் தேடலாம்” என்றாள் கொக்கி.

தேடித்தான் ஆகவேண்டும். அந்த நிறுவனம் ஓர் அக்காவும் தம்பியும் சேர்ந்து தொடங்கியது. சலவைக்கூடங்களில் துணி உலர்த்தும் பெரிய இயந்திரங்களுக்கு மூளை செய்து கொடுப்பது அவர்கள் தொழில். எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று சொல்லும் சின்னப் பெட்டி. அதற்குள் ஓடுவது சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் இருவரும் சேர்ந்து எழுதிய ஒரு லைப்ரரி. எல்லா இயந்திரத்துக்கும் பொதுவாக எழுதி வைத்த புரோகிராம் தொகுப்பு அது. இத்தனை வருஷம் ஒழுங்காக ஓடிய இயந்திரங்களுக்குப் போன மாதத்திலிருந்து பேய் பிடித்திருந்தது. ஒரு விடுதியில் போர்வைகள் அப்பளமாகின. ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் துண்டுகள் கைக்குட்டையாகின.

அக்கா வேண்டுமென்றே கெடுக்கிறாள் என்று தம்பிக்குச் சந்தேகம். தம்பி கெடுக்கிறான் என்று அக்காவுக்குச் சந்தேகம். இரண்டு வாரமாகப் பேச்சுவார்த்தை இல்லை. நிறுவனத்தைப் பாகம் பிரிக்க வக்கீல் வரைக்கும் போயாகிவிட்டது. கொக்கியை வரவழைத்தது தம்பி. அவன் கையில் இருந்த துப்பு ஒன்றே ஒன்றுதான். அக்காவின் கணவர், விற்பனையைப் பார்த்துக்கொள்பவர், மாடிப்படியில் நின்று போனில் பேசியதை அவன் கேட்டிருக்கிறான்.

“‘எல்லாம் மணியால வந்த வினை. வெளியில சொன்னா குடும்பம் ரெண்டாயிடும்’னாரு மாமா. என்னைப் பார்த்ததும் கட் பண்ணிட்டாரு” என்றான் தம்பி. “அக்கா மணின்னு எவனையோ கூலிக்குப் பிடிச்சிருக்கா மேடம்.”

மாமாவைக் கேட்டபோது, “எனக்கு எந்த மணியையும் தெரியாதுங்க” என்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

அன்று மதியம் மூன்றுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவு அதிகாரி வருவதாக இருந்தது. அந்த ஆர்டர் கிடைத்தால் நிறுவனம் பிழைக்கும். கிடைக்காவிட்டால் பிரிப்பதற்குப் பாகமே இருக்காது.

கூடத்தில் திடீரென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார்கள். கனத்த மீசையும் கம்பீரமான வயிறுமாக ஒரு பேண்டு வாத்திய மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். தங்கப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டுக்குள் அவர் இருந்தார் என்று சொல்ல முடியாது. கோட்டுதான் அவர்மேல் எங்கோ ஓரிடத்தில் இருந்தது. கை முழங்கையோடு நின்றது. பொத்தானும் ஓட்டையும் ஒன்றையொன்று தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தன.

“உங்க மெஷின்ல போட்டேன்” என்றார் அவர். “இருபது கோட்டு. எங்க பசங்க இப்ப வாசிக்கப் போனா, பள்ளிக்கூடத்துல சேர்க்கத்தான் கூட்டிட்டு வந்திருக்கேன்னு நினைப்பாங்க.”

“உக்காருங்க மாஸ்டர்” என்றான் லொள்ளு. “மெதுவா. தையல் பாவம்.”

கொக்கி அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டாள். “மெஷின்ல என்ன போட்டீங்க?”

“ஏழு மணின்னு போட்டேன். காலையில ஏழு மணிக்கு ஓடணும்னு.”

“எப்ப ஓட ஆரம்பிச்சுது?”

“கதவ மூடின நிமிஷமே. நான் என்ன கண்டேன், சும்மா சூடு பண்ணுதுன்னு வீட்டுக்குப் போயிட்டேன். அது பாட்டுக்கு ஏழு மணி நேரம் ஓடியிருக்கு.”

கொக்கியின் விரல் மேசையைத் தட்டுவதை நிறுத்தியது. லொள்ளுவுக்கு அந்த அறிகுறி தெரியும். ஏதோ மாட்டிவிட்டது.

போர்வை அப்பளமான விடுதிக்கு அவள் போன் போட்டாள். ஒன்பது மணிக்கு ஓடவேண்டும் என்று வைத்தார்களாம், ஒன்பது மணி நேரம் ஓடியதாம். உடற்பயிற்சிக் கூடத்தில் ஐந்து என்று வைத்தார்களாம். ஐந்து மணி நேரம்.

“புகாரே சொல்லாத வாடிக்கையாளர் யாராவது இருக்காங்களா?” என்று தம்பியிடம் கேட்டாள்.

“ஒருத்தர் இருக்காரு. முடிதிருத்தும் கடைக்காரர். பிரமாதமா ஓடுதுன்னு நேத்துகூடச் சொன்னார்.”

கொக்கி அவருக்கும் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள்.

“தினமும் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் துண்டு போடுவேன்” என்றது உற்சாகமான குரல். “ஒரு மணின்னு அழுத்திட்டு கதவ மூடுவேன், சாப்பிடப் போவேன். ஒரு மணி நேரத்துல எல்லாம் சூடா ரெடி. தங்கமான மெஷின்.”

கொக்கி போனை வைத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பது அவள் மூக்கில் தெரிந்தது.

“என்ன மேடம்?” என்றான் லொள்ளு.

“அக்காகிட்ட ஒரு கேள்வி, தம்பிகிட்ட ஒரு கேள்வி. ரெண்டும் ஒரே கேள்வி. வா.”

அக்காவின் அறை நடைகூடத்தின் கோடியில் இருந்தது. வாடிக்கையாளர் பார்க்கும் திரை, பொத்தான், எழுத்து எல்லாம் அவள் பொறுப்பு. அவர்கள் உள்ளே போனபோது அவள் தட்டச்சுப் பலகையை அடித்துக்கொண்டிருந்த வேகத்தில், அது யார் முகம் என்று லொள்ளுவுக்குப் புரிந்தது.

“ஒரே கேள்விங்க” என்றாள் கொக்கி. “மூணு மணின்னா என்ன?”

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். “இதுக்கா ஃபீஸ் வாங்கறீங்க? மூணு மணின்னா மூணு மணி. எல்லாரும் டீ குடிக்க எழுந்து போற நேரம்.”

கொக்கி நன்றி சொல்லிவிட்டு நடைகூடத்தின் மறு கோடிக்கு நடந்தாள். அங்கே தம்பியின் அறை. மோட்டார், சூடு, விசிறி எல்லாம் அவன் பொறுப்பு.

“மூணு மணின்னா என்ன?”

“பெரிய படம் ஒண்ணு ஓடுற நேரம்” என்றான் தம்பி, யோசிக்காமல்.

லொள்ளு வாயைத் திறந்தான். மூடினான். அவன் வாழ்க்கையில் அது அபூர்வம்.

“உங்க லைப்ரரியில எல்லாருக்கும் பொதுவான ஃபைல் ஒண்ணு இருக்குமே, அதைத் திறங்க” என்றாள் கொக்கி. தம்பி திறந்தான். கொக்கி திரையில் ஒரு வரிமேல் விரலை வைத்தாள். “இதோ உங்க மணி.”

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அந்த வரியில் ஒரு டேட்டா டைப்புக்குப் பேர் வைத்திருந்தது. மணி.

“ஆளே இல்லையா?” என்றான் லொள்ளு. அவன் குரலில் ஏமாற்றம் இருந்தது. மணிக்கு ஒரு தழும்பு வரை அவன் கற்பனை செய்து வைத்திருந்தான்.

“டேட்டா டைப்னா என்ன பெரிய விஷயம்” என்று பேண்ட் மாஸ்டருக்கு விளக்கினாள் கொக்கி. கோட்டைக் கழற்ற முடியாமல் அவரும் கூடவே வந்திருந்தார். “சமையல்கட்டு டப்பா மேல சீட்டு ஒட்டுறோம் இல்லையா, உள்ள என்ன இருக்குன்னு. அதுதான். இவங்க ஒரு டப்பா மேல ‘வெள்ளைப் பொடி’ன்னு ஒட்டிட்டாங்க. அக்கா அதுல உப்பு போட்டாங்க. தம்பி சர்க்கரைன்னு நினைச்சு எடுத்தாரு. அக்காவுக்கு மணின்னா கடிகாரம் காட்டுற மணி. தம்பிக்கு மணின்னா ஓடுற மணி நேரம்.”

“அதெப்படி இத்தனை வருஷம் சரியா ஓடிச்சு?” என்றார் மாஸ்டர்.

“அவங்கவங்க பக்கத்துல அவங்கவங்க மணி. போன மாசம்தான் புதுசா ஒண்ணு சேர்த்தாங்க. சொன்ன மணிக்குத் தானா ஓட ஆரம்பிக்கிற வசதி. அன்னைக்குத்தான் ரெண்டு மணியும் முதல் தடவையா ஒண்ணையொண்ணு சந்திச்சுது.”

இதற்குள் அக்காவும் வாசலில் வந்து நின்றிருந்தாள். இரண்டு வாரத்துக்குப் பின் அவள் அந்த அறைக்குள் கால் வைத்தது அப்போதுதான்.

“இவன்தான் ‘மணியை மோட்டார் ஓட்டுற என் ஃபங்ஷனுக்கு அனுப்பு’ன்னான்” என்றாள், தம்பியைப் பார்க்காமல் லொள்ளுவைப் பார்த்து.

“அனுப்பினது யாருன்னு கேளுங்க சார்” என்றான் தம்பி, அவனும் லொள்ளுவைப் பார்த்து.

“கேட்ட மணியைத்தான் அனுப்பினேன்.”

“நான் கேட்டது வேற மணி.”

“ரெண்டு பேரும் என்னைத் திட்டுற மாதிரியே இருக்கு” என்றான் லொள்ளு. “நேரா பேசிக்கிட்டா எனக்குப் புண்ணியமாப் போகும்.”

முதல் நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்தப் பேரை வைத்தது இருவருக்குமே ஞாபகம் இருந்தது. மணின்னு வைக்கலாமா என்று அக்கா கேட்டாள், நல்ல பேர் என்றான் தம்பி. ஒரு நொடியில் முடிந்த விஷயம். இரண்டு பேரும் தலையாட்டினார்கள், இரண்டு தலைக்குள்ளும் வேறு வேறு மணி அடித்தது.

“பேரை மாத்திடலாம்” என்றாள் கொக்கி. “ஒரு பேருக்குப் பதிலா ரெண்டு பேர்.”

“மணி ஒண்ணு, மணி ரெண்டுன்னு வைக்கலாம்” என்றாள் அக்கா.

“எது ஒண்ணு?” என்றான் தம்பி உடனே.

“என்னுதுதான் ஒண்ணு. நான் மூத்தவ.”

“வேண்டாம்” என்றாள் கொக்கி அவசரமாக. “பேர் அப்புறம். முதல்ல பழைய பேரைத் தூக்குங்க. யார் யார் கத்துறாங்கன்னு பார்ப்போம்.”

தம்பி பொது ஃபைலில் மணி என்ற பேரை அழித்துவிட்டுக் கம்பைலரை ஓட்டினான். நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது கம்பைலர். தெரியாத பேர் எங்கே வந்தாலும் அந்த இடத்திலேயே நின்று கத்தும். இப்போது கத்தியது. திரை முழுக்கச் சிவப்பாக வரிகள் கொட்டின. மணி யார், மணி யார், மணியைத் தெரியாது, மணியைத் தெரியாது.

“காலையிலேர்ந்து நானும் இதைத்தான் கேட்டுட்டிருக்கேன்” என்றான் லொள்ளு. “இப்பத்தான் துணைக்கு ஆள் கிடைச்சிருக்கு.”

ஒவ்வொரு கத்தலையும் எடுத்து, இங்கே எந்த மணி என்று முடிவு செய்ய வேண்டும். அது இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் நடக்கும். லொள்ளு ஒரு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து தம்பிக்குப் பக்கத்தில் போட்டான். அக்கா கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உட்கார்ந்தாள்.

லொள்ளு தன் ரேடியோக் குரலில் ஒவ்வொரு வரியாக வாசித்தான். “அடுத்து வருவது, விசிறி ஃபைல்.”

“என்னுது” என்றான் தம்பி.

“தொடர்ந்து, வரவேற்புத் திரை.”

“என்னுது” என்றாள் அக்கா.

“இப்போது நேயர் விருப்பம், சூடு குறைக்கும் ஃபைல்.”

“என்னுது.” “என்னுது.” இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். குனிந்து படித்தார்கள். “சரி, உன்னுதுதான்” என்றாள் அக்கா. அவள் தம்பியோடு நேராகப் பேசிவிட்டாள் என்பதை அவளே கவனிக்கவில்லை. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வந்து ஏலம் பார்ப்பது போல் சூழ்ந்து நின்றார்கள். பேண்ட் மாஸ்டர் ஒவ்வொரு முடிவுக்கும் மேசையில் ஒரு தாளம் போட்டார். ஒரு தாளத்தில் அவர் முதுகுத் தையல் விட்டுப் போனது. யாரும் பொருட்படுத்தவில்லை.

கொக்கி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அந்தப் பட்டியலை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாரும் கத்திட்டாங்களா?”

“எல்லாமே கத்தியாச்சு மேடம்” என்றான் தம்பி.

“இல்லை. வாடிக்கையாளருக்குக் காட்டுற டெமோ பெட்டி. அதுவும் இதே வேலையைத்தானே செய்யுது? அதுக்குள்ளயும் மணி இருக்கணும். அது ஏன் வாயே திறக்கலை?”

தம்பி டெமோ ஃபைலைத் திறந்தான். அது பொது ஃபைலைத் தொடவே இல்லை. உள்ளே தனக்கென்று சொந்தமாக ஒரு மணியைச் செய்து வைத்திருந்தது. ஆரம்பிக்கும் மணி வேறு, ஓடும் மணி நேரம் வேறு என்று பிரித்து, கோணல்மாணலான எழுத்தில், ஆனால் கச்சிதமாகச் சரிசெய்யப்பட்டிருந்தது.

“இது நான் எழுதலை” என்றாள் அக்கா.

“நானும் எழுதலை.”

“எழுதினவருக்குப் பிழை எங்க இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருக்கு” என்றாள் கொக்கி. “ஊர் பூரா துணி கருகிட்டிருக்கும்போது, டெமோவை மட்டும் சரி பண்ணியிருக்கார். டெமோ யார் கையில இருக்கும்?”

வாசலில் யாரோ மெல்லத் திரும்பிப் போகப் பார்த்தார்கள். பேண்ட் மாஸ்டரின் வயிறு வழியை அடைத்துக்கொண்டிருந்தது. மாமா மாட்டிக்கொண்டார்.

“மாமா, உங்களுக்கு சி தெரியுமா?” என்றான் தம்பி, நம்பாமல்.

“டெமோவுல வாடிக்கையாளர் பேரை மாத்த நீதானே மச்சான் கத்துக்குடுத்தே. அப்படியே ஆர்வத்துல கொஞ்சம் உள்ள போயிட்டேன்.” மாமா நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தார். “முதல் புகார் வந்தப்பவே இவகிட்ட பேச்சுவாக்குல மணின்னா என்னன்னு கேட்டேன். ஒண்ணு சொன்னா. உன்கிட்ட கேட்டேன். நீ வேற சொன்னே. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. சொன்னா யாரோ ஒருத்தர் தப்புன்னு ஆகும். இவளைத் தப்புன்னா வீட்ல இருக்க முடியாது. உன்னைத் தப்புன்னா ஆபீஸ்ல இருக்க முடியாது. சிநேகிதன் ஒருத்தன்கிட்ட போன்ல புலம்பினேன், அதையும் நீ கேட்டுட்டே. அதுவா சரியாயிடும்னு இருந்தேன்.”

“நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் துரோகின்னு நினைச்சிட்டிருந்தோம்” என்றாள் அக்கா. அவள் குரல் உயரவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “நீங்க அந்தப் பொய்ப் பெட்டியைத் தூக்கிட்டுப் போய் மெஷின் வித்துட்டிருந்தீங்க. உங்களுக்கு எப்போ தெரியும்? எவ்ளோ நாளா மறைச்சீங்க?”

மாமா வாய் திறப்பதற்குள் கொக்கி குறுக்கே வந்தாள்.

“மன்னிக்கணும். சண்டையை நிறுத்தலை. கடைசியா கேட்ட ரெண்டு கேள்வியை மட்டும் இன்னொரு தடவை கேளுங்க.”

“எப்போ தெரியும். எவ்ளோ நாளா...” அக்கா பாதியில் நின்றாள். தம்பியைப் பார்த்தாள். தம்பியும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்போ” என்றான் அவன்.

“எவ்ளோ” என்றாள் அவள்.

ஒன்று, இரண்டு, மூத்தது, இளையது என்ற பேச்சே இல்லை. தம்பி அக்காவின் டைப்புக்கு ‘எப்போ’ என்று அடித்தான். அக்கா அவன் கையைத் தள்ளிவிட்டுத் தம்பியின் டைப்புக்கு ‘எவ்ளோ’ என்று அடித்தாள். ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் இன்னொன்று போனால் கம்பைலர் விடவே கூடாது என்று இரண்டுக்கும் தனித்தனி உறை போட்டார்கள். மறுபடி ஓட்டியபோது அறை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஒரே ஒரு கத்தல் வந்தது. அக்கா தம்பிக்கு அனுப்பிய அந்த வரி. எவ்ளோ கேட்ட இடத்தில் எப்போ வந்திருக்கிறது என்று கம்பைலர் நாகரிகமாகச் சொன்னது. அதையும் திருத்தினார்கள். அதற்குப் பிறகு திரையில் சத்தமே இல்லை.

சலவை அதிகாரி சொன்னபடி மூன்றுக்கே வந்துவிட்டார். எதையும் இரண்டு தடவை பார்க்கும் கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மாள். மேசைமேல் டெமோ பெட்டி தயாராக இருந்தது. மாமா அதை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதன் மின்கம்பியைப் பிடுங்கினார்.

“இதைப் பார்க்காதீங்கம்மா” என்றார். “இது நான் பூசி மெழுகினது. இதுல வந்தது எங்க மெஷின்ல வரலை. வாங்கினவங்க துணியெல்லாம் பாழாச்சு. இதோ நிக்கிறாரே, இவர் சாட்சி.”

பேண்ட் மாஸ்டர் கையைத் தூக்கி ஆமோதித்தார். மிச்சமிருந்த கடைசித் தையலும் போனது.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அதிகாரி மட்டும் கோட்டை நிதானமாக ஆராய்ந்தார்.

“இப்ப சரி பண்ணிட்டீங்களா?”

“பண்ணிட்டோம்” என்றார் மாமா. “பின்னாடி நிஜ மெஷின் இருக்கு. நீங்களே உங்க கையால வச்சுப் பாருங்க.”

அதிகாரி பின்கட்டுக்குப் போய் ஈரத் துண்டுகளை உள்ளே போட்டார். நான்கு மணிக்கு ஆரம்பி, அரை மணி நேரம் ஓடு என்று அழுத்தினார். கதவை மூடினார். இயந்திரம் அசையவில்லை. அது அசையாமல் இருந்ததற்காக ஒரு கூட்டமே சந்தோஷப்பட்டதை லொள்ளு அன்றுதான் பார்த்தான். நான்கு அடித்ததும் அது தானாக உறுமிக்கொண்டு கிளம்பியது. நாலரைக்கு ஒரு சின்ன ஓசையோடு நின்றது. அதிகாரி ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். துண்டு துண்டாகவே இருந்தது, கைக்குட்டையாகவில்லை.

“விக்க வர்றவங்க நிறைய பேரைப் பார்த்திருக்கேன்” என்றார். “தன் சாமானைத் தானே குறை சொன்னவர் இவர்தான். ஆர்டர் தர்றேன். ஒரு நிபந்தனை. எங்க ஆஸ்பத்திரியில மெஷின் எல்லாம் ஒழுங்கா ஓடுற வரைக்கும் இவர் அங்கயே வந்து தங்கணும். ஏதாவது தப்புன்னா இவர் வாயால எனக்குத் தெரியணும்.”

மாமா தயங்கித் தயங்கி மனைவியின் பக்கம் திரும்பினார். “எவ்ளோ நாள் இருக்கட்டும்?”

அக்கா துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எவ்ளோ நாள்னு அப்புறம் யோசிச்சுச் சொல்றேன். எப்போ கிளம்பணும்னு இப்பவே சொல்லட்டுமா?”

முதலில் சிரித்தது தம்பி. அடக்கப் பார்த்து முடியாமல் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டது அக்கா.